சனிக்கிழமை மெக்கானிக்

"அடங்கு. அடங்குன்னு சொல்றேன்ல?" என்று மெஷினின் விலாவில் உள்ளங்கையால் ஒரு போடு போடுகிறார் மோட்டார் அக்கா. தடதடவென்று ஆடியபடி சுவரை விட்டு ஒரு முழம் முன்னால் வந்துவிட்ட அந்த வாஷிங்மெஷின் அடங்குவதாக இல்லை. அடங்கியது வீட்டுக்காரர்தான். கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். "உங்களைச் சொல்லலை சார், இவரைச் சொன்னேன்" என்று அவரைத் தேற்றிவிட்டு, மெஷினின் தலையில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறது. "பேரிங் போச்சு. இன்னும் கொஞ்ச நாள் கத்தும். அப்புறம் கத்தக்கூடத் தெம்பிருக்காது" என்று தீர்ப்பு வருகிறது.

நாற்பதைத் தாண்டிய வயது. கழுத்தோடு வெட்டிய முடி. இரண்டு பக்கமும் பை வைத்த ஆண்கள் சட்டை. ஒரு பையில் டெஸ்டர், இன்னொன்றில் பெப்பர்மின்ட். மெஷினுக்கடியில் படுத்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுவதால் பாதிப் பேச்சு யாருக்கும் புரியாது. புரிகிற பாதிக்கே சிலருக்குக் காது சிவந்துவிடும்.

அக்காவிடம் ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. வேலை செய்யும்போது முதுகுக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. "முன்னாடி வந்து நில்லுங்க சார். அழகா இருக்கீங்க, பார்த்துக்கிட்டே வேலை செய்யறேன்" என்பார். இதைக் கேட்ட ஒரு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் உள்ளே போய்ச் சட்டையை மாற்றி, தலையை வாரிக்கொண்டு வந்து நின்றாராம். காரணம் அழகு இல்லை என்று அவரிடம் போய் யார் சொல்வது.

மெஷினில் அக்காவுக்கு மிகவும் பிடித்த இடம் காலடியில் இருக்கும் ஃபில்டர். மூடியைத் திருகினால் அழுக்குத் தண்ணீரோடு அந்த வீட்டின் வண்டவாளமும் வெளியே வந்து விழும். சட்டைப் பொத்தான், பொம்மையின் கால், ஒரு பல், யாரோ யாருக்கோ வாங்கி மறைத்து வைத்த ஒற்றைக் காதணி. உள்ளாடைக் கம்பி வந்துவிட்டால் அதை இரண்டு விரலால் உயர்த்திப் பிடித்து, "யாரோடதுன்னு நான் கேக்கல, நீங்களும் சொல்ல வேண்டாம். ஆனா மெஷினோடது இல்லை" என்பார். அந்த வீட்டு ஆண்கள் எல்லோருக்கும் ஜன்னலுக்கு வெளியே திடீரென்று ஏதோ முக்கியமான விஷயம் தெரிய ஆரம்பித்துவிடும்.

சனிக்கிழமை பிற்பகலில் மட்டும் அக்கா வேலைக்குப் போக மாட்டார். யார் வீட்டில் தண்ணீர் கூடம் வரை ஓடினாலும் சரி, "வாளியை வெச்சுக்குங்க, திங்கக்கிழமை வர்றேன்" என்பதுதான் பதில். அந்த நேரத்தில் அவர் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் இருப்பார். குழந்தைகள் வராத நாளில் அங்கே ஒரு அறையை, காப்பகத்தை நடத்தும் அம்மாள் சும்மாவே கொடுத்திருக்கிறார். கூடுகிறவர்கள் எட்டுப் பெண்கள். எல்லோரும் ஏதோ ஒரு வீட்டில் எவனோ ஒருவன் கையில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, ஒருவழியாக வெளியே வந்தவர்கள். கூட்டத்தில் டாக்டர் கிடையாது, நிபுணர் கிடையாது. பட்டவர்கள் பட்டவர்களோடு பேசிக்கொள்வது, அவ்வளவுதான். மருந்து என்று பார்த்தால் டீயும் பிஸ்கட்டும்.

அங்கே இருப்பதெல்லாம் குழந்தைகள் உட்காரும் நாற்காலிகள். முழங்கால் மோவாயில் இடிக்க, சுவரில் ஒரு பக்கம் வாத்தும் மறுபக்கம் ஒட்டகச்சிவிங்கியும் பார்த்துக்கொண்டிருக்க, வட்டமாக உட்கார்ந்து தங்களுக்கு நடந்ததைப் பேசுவார்கள். "இதுல உக்காந்து அழுதா யாராவது வந்து மூக்கைத் துடைச்சு விட்டு தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு தோணுதுங்க" என்பார் அக்கா. அவர் எழுந்தால் நாற்காலியும் கூடவே எழுந்துவரும். அழுதுகொண்டிருப்பவரும் சிரித்துவிடுவார்.

அக்கா இந்தக் கூட்டத்தில் சேர்ந்ததே ஒரு கூத்து. அவர் சேர வரவில்லை. காப்பகத்தின் மெஷினைப் பழுது பார்க்க வந்தார். பக்கத்து அறையில், மெஷினுக்குப் பின்னால் ஒருக்களித்துப் படுத்து, பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தார். நடுவில் இருந்த கதவு திறந்திருந்தது. இந்த அறையில் யாரோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்தும் விழாமலும் இருந்தது. திடீரென்று எவருடைய முழங்கையோ பட்டு ஒரு கண்ணாடி டம்ளர் தரையில் விழுந்து நொறுங்கியது. அடுத்த நொடி வட்டத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில், "சாரி, நான்தான், நான்தான் தட்டிட்டேன்!" என்றார்கள். டம்ளருக்குக் கை எட்டாத தூரத்தில் இருந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஒருவரை ஒருவர் திருதிருவென்று பார்த்துக்கொண்டபோது, பக்கத்து அறையிலிருந்து, மெஷினுக்குப் பின்னாலிருந்து, டார்ச்சைக் கடித்த வாயோடு இன்னொரு குரலும் வந்தது: "சாரிங்க! நான்தாங்க!"

கூட்டத்தை நடத்துகிற கணக்கு டீச்சர் எழுந்துபோய் எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் கிரீஸோடு ஒரு பெண் தரையில் உட்கார்ந்து, தான் சொன்னதை நினைத்துத் தானே திகைத்துப் போயிருந்தார்.

"உடைஞ்சது இந்த ரூம்லங்க" என்றார் டீச்சர்.

"தெரியுதுங்க. வாயில வந்துடுச்சு."

"பரவாயில்லை. டீ இருக்கு, வாங்க."

டீச்சர் வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டியது எதுவும் பாக்கியில்லை. அன்றைக்கு அந்த மெஷின் பாதியிலேயே கிடந்தது.

டீச்சர் போட்ட சட்டங்கள் சில உண்டு. ஒருவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது. அறிவுரை கூடாது. "நான் உன் இடத்துல இருந்தா" என்று ஆரம்பிக்கவே கூடாது. எல்லாச் சட்டத்தையும் அக்கா வந்த மாதத்திலேயே மீறி முடித்துவிட்டார். அழகு நிலையம் வைத்திருக்கும் பெண் ஒருநாள் தன் கணவன் எப்படி அடிப்பான், பிறகு எப்படிப் பூ வாங்கி வந்து காலைப் பிடிப்பான் என்று தேம்பித் தேம்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "இரும்மா. முதல்ல ஊற வைப்பான். அப்புறம் அடிச்சுத் துவைப்பான். அப்புறம் பிழிவான். கடைசியில வாசனை ஊத்துவான். சரியா? இது ஒரே புரோகிராம்தாம்மா. எல்லா ஆளுக்கும் கம்பெனியிலேயே போட்டுக் குடுத்துடறான்." அழகு நிலையக்காரி அழுகையை மறந்து வெடித்துச் சிரித்தார். அன்றிலிருந்து அக்கா வாயைத் திறப்பதற்கு முன்பே முதலில் சிரிக்கிறவர் அவர்தான். டீச்சர் மட்டும், "சட்டம், சட்டம்" என்று பென்சிலால் மேசையைத் தட்டுவார். தட்டும்போது அவர் வாயும் கோணும்.

இன்னொரு சேவையும் உண்டு. விட்டு வந்தவனுக்கே போன் போட்டுப் பேசிவிடலாமா என்று ஒருத்திக்கு மனசு அரிக்கும்போது, அவள் அக்காவுக்குப் போன் போட வேண்டும். அக்கா அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். பேரிங் மாற்றுவது எப்படி என்று ஆரம்பிப்பார். "முதல்ல பின் மூடியைக் கழட்டறோம். கழட்டியாச்சா? அடுத்து பெல்ட். இழுக்காத, சுத்தி எடு." டிரம்மை வெளியே எடுத்து, சுத்தியலால் தட்டி, புதுசை இறக்கி, திரும்ப மாட்டி முடிப்பதற்குள் அரிப்பு நின்றிருக்கும். இந்த முறையில் அழகு நிலையக்காரி மெஷினைத் தொடாமலேயே அரை மெக்கானிக் ஆகிவிட்டார். "உனக்கு இன்னும் ரெண்டு தடவை அவன் ஞாபகம் வந்தா தனியா கடை போட்டுடலாம்" என்பார் அக்கா.

தன் கதையை அக்கா ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறார், அதுவும் சிரிக்காமல். கணவருக்குச் சொந்தமாகப் பழுது பார்க்கும் கடை. தொழில் படித்ததும் அங்கேதான், அடி வாங்கியதும் அதன் மாடி வீட்டில்தான். "வெளியில கேட்டுப் பாருங்க, தங்கமான மனுசன்பாங்க. சத்தம் போட்டுப் பேச மாட்டாரு. அடிக்கிறதுக்கு முன்னாடி ரேடியோ சத்தத்தைக் கூட்டுவாரு. கீழே கடையில ஆளுங்க இருப்பாங்கல்ல? எனக்கு அடியெல்லாம் மறந்துடுச்சுங்க. அந்த ரேடியோவைத் திருகற விரலு மறக்கல." அன்றைக்கு டீச்சர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

வீட்டை விட்டு வந்தபோது மகனையும் கூப்பிட்டார். பள்ளிப் படிப்பை முடிக்கப் போகிற வயது அவனுக்கு. தனி அறை, அப்பாவின் கடை, கூட்டாளிகள் எல்லாம் அங்கே. "நீ போறதுன்னா போ. நான் எதுக்கு வரணும்?" என்றான். இப்போது மீசை வைத்துக்கொண்டு அப்பாவின் கல்லாவில் உட்காருகிறான். அம்மாவுக்கு அவ்வப்போது போன் போடுவான். அப்போது அக்காவைப் பார்க்க வேண்டும். எந்தக் கொம்பனையும் "அடங்கு" என்கிற அந்த வாய், போனை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய், சுவரைப் பார்த்து நின்றபடி, "சரிப்பா. தப்புதான்பா. இல்லப்பா, கோவிச்சுக்காதப்பா" என்று குழையும். திரும்பி வரும்போது கையில் புது நகைச்சுவை ஒன்று இருக்கும்.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை ஒன்றைக் கொண்டுவந்தார். மகனுக்குச் சட்டை வாங்கி அனுப்பியிருந்தார், அளவு சிறுத்துவிட்டது. அவன் போனில் பேசியதை அக்கா அப்படியே நடித்துக் காட்டினார். இடுப்பில் கை வைத்து, புருவத்தைத் தூக்கி, குரலை மட்டும் தணித்து: "'அறிவுன்னு ஒண்ணு இருக்கா உனக்கு? ஒரு வேலையாவது உருப்படியா செஞ்சிருக்கியா? உன்னை எல்லாம் அப்பா எப்படித்தான் இத்தனை வருசம் சகிச்சாரோ!' அப்படிங்கறான் பய. நான் சொன்னேன், சட்டை சின்னது இல்லடா கண்ணா, உன் வாய் பெருசாயிடுச்சுன்னு. மனசுக்குள்ளதான் சொன்னேன்!"

சொல்லிவிட்டுச் சிரிப்புக்காகக் காத்திருந்தார். சிரிப்பு வரவில்லை. அழகு நிலையக்காரி குனிந்து தன் நகத்தைப் பார்த்தார். யாரோ பிஸ்கட் பாக்கெட்டை மெதுவாக மூடி வைத்தார். அக்கா அடித்த ஜோக் இந்த அறையில் எடுபடாமல் போனது அதுதான் முதல் முறை.

"இதே வார்த்தையை உங்க வீட்டுக்காரர் சொல்லியிருந்தா?" என்று டீச்சரே தன் சட்டத்தை மீறிக் கேட்டுவிட்டார்.

அக்காவுக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "அவன் என் பிள்ளை! சின்னப் பையன்! அவனையும் அந்தாளையும் ஒண்ணா வெச்சுப் பேச உங்களுக்கு யாரு உரிமை குடுத்தா? கணக்குச் சொல்லித் தர்றதோட நிறுத்திக்குங்க!" என்று கத்திவிட்டு, டூல்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. போன் போட்டால் எடுத்து, "வேலை இருக்குங்க" என்று வைத்துவிட்டார். வேலையெல்லாம் ஒன்றும் இல்லை. தன் அறையில் படுத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்கள் சிரிக்காததை அவரால் மன்னிக்க முடியவில்லை. அவர்கள் சிரித்திருந்தால் அது ஜோக்காகவே இருந்திருக்கும்.

மூன்றாவது வாரம் டீச்சரிடமிருந்து போன். "காப்பகத்து மெஷின் தண்ணியை வெளியே விட மாட்டேங்குது. குழந்தைங்க போர்வையெல்லாம் ஊறிக் கிடக்கு."

"வேற மெக்கானிக்கைக் கூப்பிடுங்க."

"எங்களுக்கு வேற மெக்கானிக் யாரையும் தெரியாதுங்க."

தொழில் மானம் என்று ஒன்று இருக்கிறதே. சனிக்கிழமை பிற்பகல் அக்கா வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் நேராகப் பக்கத்து அறைக்குப் போய், தரையில் அமர்ந்து, தட்டை வைத்து ஃபில்டரைத் திருகினார். தண்ணீரோடு முதலில் வந்தது ஒரு முழு சாக்பீஸ். அடுத்து ஒரு கொத்து ஹேர்பின். அடுத்து, மூக்குக் கண்ணாடியில் மூக்கின்மேல் உட்காருமே, அந்தக் குட்டி ரப்பர், நான்கு. எல்லாவற்றுக்கும் பின்னால், நன்றாக மடித்துத் திணித்த ஒரு கைக்குட்டை. அக்கா எல்லாவற்றையும் தட்டில் வரிசையாக அடுக்கி, அதை ஏந்திக்கொண்டு இந்த அறைக்கு வந்தார்.

"மூணு வயசுக் குழந்தை இந்த வயசுலயே கொண்டை போட ஆரம்பிச்சிடுச்சா? சாக்பீஸை எந்தக் குழந்தை ஜட்டிப் பையில போட்டுக்கிட்டு வந்துச்சு? யார் பார்த்த வேலை இது?"

"நான்தான்" என்றார்கள் எல்லோரும்.

இந்தக் கூட்டத்தில் அத்தனை பேரும் அந்த வார்த்தையை உண்மையாகவே சொன்னது அன்றைக்குத்தான். அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

"அக்கா, அன்னிக்கு எனக்குச் சிரிப்பு வந்திருந்தா சிரிச்சிருப்பேன். வரலைக்கா" என்றார் அழகு நிலையக்காரி.

"தெரியும்டி. எனக்கும்தான் வரல." சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அவன் அந்தாளு மாதிரியே பேசறான். அதே வார்த்தை, அதே ராகம். நான் கேட்டுக்கிட்டே இருந்தா அவனும் அந்தாளாவே ஆயிடுவான். நாளைக்கு ஒருத்தியைக் கட்டி அவகிட்டயும் இதையே பேசுவான். கேக்க மாட்டேன்னு வெச்சிட்டா, பிள்ளைன்னு ஒருத்தன் இருக்கான்னு சொல்லிக்கறதும் போயிடும். போனுதாங்க எனக்கு இருக்கற பிள்ளை. அதையும் வெச்சிட்டா அவன் திரும்பக் கூப்பிடுவானா?"

யாரும் அறிவுரை சொல்லவில்லை. கூட்டத்திலேயே இளையவள், மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் பெண். அப்பாவின் அடிக்குத் தப்பி வந்தவள். வந்த நாளிலிருந்து அதிகம் பேசாதவள், அன்றைக்கு வாயைத் திறந்தாள். "நானும் எங்கம்மாகிட்ட அப்படித்தான்கா பேசுவேன். அப்பாவைத் திட்ட பயம், அதனால அம்மாவைத் திட்டுவேன். அவங்க அழுதுக்கிட்டே சரி சரின்னுவாங்க. ஒரு தடவை நிறுத்துன்னு சொல்லியிருந்தா என்னன்னு இப்பவும் நினைச்சுக்கறேன்கா."

அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் சொல்ல வாயெடுத்தபோது போன் அடித்தது. திரையில் மகனின் பழைய படம், முளைத்தும் முளைக்காத மீசையோடு. வழக்கம்போல எழுந்து வாசலுக்குப் போகப் பார்த்தவர், என்ன நினைத்தாரோ, உட்கார்ந்தபடியே எடுத்தார்.

"எங்க போய்த் தொலைஞ்ச? காலையில கூப்பிட்டா எடுக்க மாட்டியா? அறிவிருக்கா உனக்கு?" அறை முழுக்கக் கேட்டது.

"டேய்." அக்காவின் குரல் நடுங்கியது. "நான் உன் அம்மா. என்கிட்ட இப்படிப் பேசாத. இப்படிப் பேசினா நான் வெச்சிடுவேன். ஒழுங்கா பேசறதா இருந்தா நாளைக்குக் காலையில கூப்பிடு. எடுப்பேன். கண்டிப்பா எடுப்பேன்டா."

அந்தப் பக்கத்திலிருந்து உடனே வந்தது: "வெச்சுப் பாரு. அப்புறம் செத்தாலும் உன்னைக் கூப்பிட மாட்டேன்."

அக்கா வைத்துவிட்டார். நடுவில் இருந்த குட்டி மேசையில், பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்தார். அவர் கையை எடுப்பதற்குள் அது மறுபடியும் அடிக்க ஆரம்பித்தது. அதே முகம்.

வலது கை போனை நோக்கிப் பாதி தூரம் போய்விட்டது. அக்கா அதை இழுத்துத் தன் தொடைக்கடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். பிறகு இடது கையையும் வைத்தார். பக்கத்தில் இருந்த அழகு நிலையக்காரி அதைப் பார்த்துவிட்டுத் தன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் செருகிக்கொண்டார். அடுத்து அந்த இளைய பெண். அடுத்து டீச்சர், பென்சிலைக் கீழே போட்டுவிட்டு. போன் அடித்துக்கொண்டே இருந்தது. எட்டுப் பெண்களும் அதைப் பார்த்தபடி, தங்கள் கைகளின் மேல் அழுத்தமாக உட்கார்ந்திருந்தார்கள்.